விழுந்த மரத்தை நிமிர்த்தலாமா?

மழையும் காற்றும் ஒரே ராத்திரியில் தோப்பை முடித்துவிடுகின்றன. நிவாரணம் மட்டும் யாருக்கு, எதற்கு, எந்தக் கணக்கில் வந்து சேருகிறது? ராயகிரி அடிவாரத்திலிருந்து ஒரு சிறப்புக் கட்டுரை.

விடிவதற்குள்ளேயே மாமா தோப்புக்குக் கிளம்பிவிட்டார். ராத்திரி முழுக்க மலையிலிருந்து காற்று இறங்கியபடி இருந்தது. ஓட்டுக்கூரையில் மழை விழுந்த சத்தத்துக்குள்ளே அவர் வேறு எதையோ காதுகொடுத்துக் கேட்டுக்கொண்டிருந்தார். ராயகிரியிலிருந்து மேற்கே போகிற வண்டிப்பாதையில் கணுக்கால் வரைக்கும் சேறு. டார்ச் வெளிச்சத்தில் வேலியைத் தாண்டியதுமே மூக்கில் ஏறியது கசங்கிய எலுமிச்சை இலையின் வாசம். கையில் ஒரு இலையைக் கசக்கினால் வருகிற வாசமில்லை அது. ஒரு தோப்பே கசங்கினால் வருகிற வாசம்.

ஒரு ஏக்கரில் 110 மரம். எல்லாம் பன்னிரண்டு வருஷத்து மரங்கள். வெளுத்ததும் எண்ணினோம். 46 மரங்கள் தூரோடு சாய்ந்து கிடந்தன. எலுமிச்சைக்கு ஆணிவேர் ஆழம் போகாது. மண் நனைந்து இளகிய நேரத்தில் காற்று தள்ளினால் பக்கவேரைப் பிய்த்துக்கொண்டு மரம் படுத்துவிடும். ஒரு பக்கத்து வேர் அறுந்து வானத்தைப் பார்க்கும், மறுபக்கத்து வேர் மண்ணுக்குள்ளேயே இருக்கும். அந்த மறுபக்க வேர்தான் மரத்தின் உயிர். இரண்டு மூன்று நாளுக்குள் கிளையைக் கவாத்து செய்து, கயிறு கட்டி இழுத்து நிமிர்த்தி, கவட்டைக் கம்பு முட்டுக்கொடுத்து, தூரில் மண் அணைத்துவிட்டால் பாதிக்கு மேல் பிழைத்துக்கொள்ளும். வெயில் அடித்து வேர் காய்ந்துவிட்டால் விறகுதான்.

மாமா கயிற்றை எடுத்தார். பக்கத்துத் தோப்புக்காரர் வேலிக்கு அந்தப் பக்கம் நின்று சத்தம் போட்டார்: "அண்ணாச்சி, கை வைக்காதியும்! கணக்கெடுக்க வருவாங்க. நிமித்திட்டேருன்னா விழுந்த மரம்னு எதைக் காட்டுவீரு?"

மாமா கொஞ்ச நேரம் கயிறும் கையுமாக நின்றார். பிறகு என்னைப் பார்த்து, "பிள்ளை விழுந்து கெடக்கும்போது போட்டோ புடிக்கவா ஆள் தேடுவாவ, மருமவனே?" என்று கேட்டுவிட்டு மரத்துக்குள் இறங்கினார். மூன்று நாள், நான்கு ஆள். 31 மரத்தை நிமிர்த்தினோம். மிச்சம் 15 மரத்துக்கு வேரே இல்லை.

எட்டாம் நாள் கணக்கெடுக்க வந்தார்கள். வந்தவர்கள் நல்ல மாதிரிதான் பேசினார்கள். விழுந்து கிடந்த 15 மரத்தை எண்ணினார்கள். 110-க்கு 15 என்றால் சதவீதம் 14-க்கும் கீழே. நிவாரணத்துக்கு வேண்டியது 33. நிமிர்த்தி வைத்த 31 மரத்தையும் சேர்த்திருந்தால் 42 சதவீதம் தேறியிருக்கும். "நிக்கிற மரத்தை நான் எப்படி அண்ணாச்சி விழுந்ததா எழுதுவேன்?" என்றார் அந்த அலுவலர். அவர் கேட்டதில் தப்பில்லை. மாமா செய்ததிலும் தப்பில்லை. பக்கத்துத் தோப்புக்காரர் தொடாமல் விட்ட மரங்கள் பட்டியலில் ஏறின. அவருக்குப் பணம் வந்தது, தோப்பு போனது.

இது நடந்து சில வருஷம் ஆகிறது. அதற்குப் பிறகு ஒவ்வொரு மழைக்காலத்திலும் தென்காசி மாவட்டத்து அடிவார ஊர்களில் இதே கேள்வி திரும்பத் திரும்ப வருகிறது. சிவகிரி, ராயகிரி, வாசுதேவநல்லூர், புளியங்குடி, கடையநல்லூர் என்று மலையை ஒட்டி வடக்கே தெற்கே நீளுகிற இந்தப் பட்டையில் நெல்லும் உண்டு, ஆனால் வாழ்வு மரத்தில்தான். எலுமிச்சை, தென்னை, மா, வாழை, கொஞ்சம் தேக்கு. பேரிடர் நிவாரணம் என்ற ஏற்பாடோ, ஒரு பருவத்தில் விதைத்து ஒரு பருவத்தில் அறுக்கிற பயிரை மனதில் வைத்துக் கட்டப்பட்டது.

பெயரிலேயே இருக்கிறது விஷயம்

அரசு கொடுப்பதை நாம் 'நஷ்டஈடு' என்று சொல்லிப் பழகிவிட்டோம். மாநிலப் பேரிடர் நிவாரண நிதியின் விதிகளைப் புரட்டினால் அந்த வார்த்தை அங்கே கிடையாது. அதிலிருக்கும் பெயர் 'இடுபொருள் மானியம்'. அடுத்த விதைப்புக்கு விதை, உரம் வாங்க ஒரு கைதூக்கல், அவ்வளவுதான் அதன் எண்ணம். இழந்ததை ஈடுகட்டுவது அதன் வேலையே இல்லை.

நெல்லுக்கு இதை ஒருவிதத்தில் ஒப்புக்கொள்ளலாம். பிசானப் பருவம் போனால் அடுத்த கார்ப் பருவம் இருக்கிறது. மரத்துக்கு அடுத்த பருவம் என்று ஒன்று உண்டா? எலுமிச்சைக் கன்று வைத்தால் காய் பார்க்க மூன்று, நான்கு வருஷம்; நின்று காய்க்க அதற்கும் மேலே. நெட்டைத் தென்னைக்கு ஆறேழு வருஷம். அதுவரை அந்த நிலத்துக்காரர் எதைத் தின்பார் என்ற கேள்வி இந்த மானியத்தின் கணக்குக்குள் வரவில்லை.

தொகையைப் பிரித்துப் பார்த்தால் இன்னும் தெளிவாகும். பல்லாண்டுப் பயிர்களுக்கு ஹெக்டேருக்கு 22,500 ரூபாய். ஆறு மீட்டர் இடைவெளியில் எலுமிச்சை வைத்தால் ஹெக்டேருக்கு 277 மரம். வகுத்தால் ஒரு மரத்துக்கு 81 ரூபாய். தென்னை ஹெக்டேருக்கு 175. ஒரு மரத்துக்கு 128 ரூபாய் சொச்சம். ஏக்கர் கணக்கில் சொன்னால் 9,100 ரூபாய். மாமா தோப்பில் மரம் நிமிர்த்த நான்கு ஆளுக்கு மூன்று நாள் கூலி, கயிறு, கம்பு, சாப்பாடு என்று ஆன செலவை ஒருபுறம் வைத்து, இந்த 9,100-ஐ மறுபுறம் வையுங்கள். மரத்தின் விலையைச் சேர்க்கவே வேண்டாம்.

---
எவ்வளவு கொடுக்கிறார்கள்?
2022-23 முதல் 2025-26 வரைக்கான மத்திய விதிகளின்படி, பயிர்ச்சேதம் 33 சதவீதமும் அதற்கு மேலும் இருந்தால்:

மானாவாரிப் பயிர் – ஹெக்டேருக்கு ரூ.8,500
நெல் உள்ளிட்ட இறவைப் பயிர் – ஹெக்டேருக்கு ரூ.17,000
பல்லாண்டுப் பயிர், மரங்கள் – ஹெக்டேருக்கு ரூ.22,500
நிலத்தில் மூன்று அங்குலத்துக்கு மேல் மணல், வண்டல் மூடினால் அகற்ற – ஹெக்டேருக்கு ரூ.18,000
கறவை மாடு இறந்தால் – ரூ.37,500, ஆடு – ரூ.4,000

பயிருக்கான உச்சவரம்பு, ஒரு விவசாயிக்கு 2 ஹெக்டேர், அதாவது ஏறக்குறைய 5 ஏக்கர். 2015 வரைக்கும் சேதம் 50 சதவீதத்தைத் தொட்டால்தான் பணம். அந்த ஆண்டில்தான் அது 33 ஆகக் குறைந்தது. நிதியில் மத்திய அரசின் பங்கு 75 சதவீதம், மாநிலத்தின் பங்கு 25.
---

விதி இப்படித்தான், வேறு வழியில்லை என்று சொல்கிறவர்களுக்கு ஒரு பழைய கணக்கை நினைவூட்ட வேண்டும். நிவர், புரெவி புயல்களுக்குப் பிறகு, 2021 ஜனவரியில் தமிழக அரசு தன் கைக்காசைச் சேர்த்துப் பல்லாண்டுப் பயிருக்கு ஹெக்டேருக்கு 25,000, நெல்லுக்கு 20,000 என்று அறிவித்தது. 2023 பிப்ரவரியில் டெல்டாவில் பருவம் தப்பிப் பெய்த மழைக்கும் நெல்லுக்கு 20,000 கொடுத்தது. அதே ஆண்டு டிசம்பரில் மிக்ஜாம் புயலும் தென்மாவட்ட வெள்ளமும் வந்தபோது அறிவிப்பு 17,000, 22,500 என்று மத்திய விதியின் அளவிலேயே நின்றது. உர விலையும் கூலியும் ஏறிக்கொண்டிருக்க, நிவாரணம் இறங்கியது. மனமிருந்தால் விதிக்கு மேலேயும் கொடுக்கலாம் என்பதற்கு அரசின் சொந்த ஆணைகளே சாட்சி.

கஜா சொல்லிக்கொடுத்தது

மரத்துக்கு மரம் எண்ணிக் கொடுக்க முடியாதா? முடியும். ஒரு தடவை செய்திருக்கிறார்கள்.

2018 நவம்பர் 16 அதிகாலை வேதாரண்யம் பக்கம் கரையேறிய கஜா புயல், தஞ்சாவூர், புதுக்கோட்டை, திருவாரூர், நாகப்பட்டினம் மாவட்டங்களின் தென்னந்தோப்புகளைப் படுக்கவைத்தது. பேராவூரணி, பட்டுக்கோட்டைப் பக்கம் அப்போது போனவர்கள் அந்தக் காட்சியை மறக்க மாட்டார்கள். தோப்புக்குத் தோப்பு மரங்கள் ஒரே திசையில் தலைவைத்துக் கிடந்தன. ஹெக்டேருக்கு 18,000 என்ற அன்றைய விதியை அந்த மக்களிடம் போய்ச் சொல்ல எந்த அதிகாரிக்கும் வாய் வந்திருக்காது. மாநில அரசு கணக்கை மாற்றியது. விழுந்த தென்னை ஒன்றுக்கு 600 ரூபாய், அதை வெட்டி அகற்ற 500 ரூபாய், ஆக 1,100. ஹெக்டேருக்கு 175 மரம் என்று வைத்து 1,92,500 ரூபாய். மறுபடி கன்று வைத்துப் பராமரிக்க ஹெக்டேருக்கு 72,100 ரூபாய் தனியே.

அதுவும் போதவில்லை என்று டெல்டா விவசாயிகள் சொன்னார்கள்; காய்த்துக்கொண்டிருக்கிற தென்னைக்கு 600 ரூபாய் என்பது ஒரு சில வெட்டுக் காயின் விலை. ஆனாலும் அந்த ஆணையில் இரண்டு நல்ல விஷயங்கள் இருந்தன. மரத்தை மரமாக எண்ணியது ஒன்று. விழுந்த மரத்தை அப்புறப்படுத்துவதும் செலவு என்று ஒப்புக்கொண்டது இன்னொன்று. விழுந்த தென்னை நிலத்தை அடைத்துக்கொண்டு கிடந்தால் உழவும் முடியாது, கன்றும் வைக்க முடியாது. சிவப்புக் கூன்வண்டு குடியேறி நிற்கிற மரத்தையும் தின்னும். ராயகிரித் தோப்புக்காரருக்கு 128 ரூபாய், பேராவூரணித் தோப்புக்காரருக்கு 1,100 ரூபாய் என்ற இந்த வித்தியாசத்துக்குக் காரணம் சேதத்தின் பரப்புதான். ஒரு மாவட்டமே விழுந்தால் ஊர் திரும்பிப் பார்க்கிறது. ஒருவரின் தோப்பு மட்டும் விழுந்தால் விதிப்புத்தகம் மட்டும் பேசுகிறது.

தென்னைக்குக் காப்பீடு ஒன்று உண்டு என்பதே இந்தப் பக்கம் பலருக்குத் தெரியாது. தென்னை வளர்ச்சி வாரியத்தின் மரக் காப்பீட்டுத் திட்டத்தில் 4 முதல் 15 வயது மரத்துக்கு 900 ரூபாய், 16 முதல் 60 வயது மரத்துக்கு 1,750 ரூபாய் என்று காப்புத்தொகை. பிரீமியம் மரத்துக்கு 9 ரூபாயும் 14 ரூபாயும்; அதில் பாதியை வாரியமும் கால்பங்கை மாநிலமும் கட்ட, விவசாயி கட்டுவது மிச்சக் கால்பங்கு. பெரிய மரத்துக்கு மூன்றரை ரூபாய். ஒரு டீக்காசுக்கும் குறைவான இந்தத் தொகையை ஊர் ஊராக மைக் வைத்துச் சொல்லியிருக்க வேண்டாமா?

மரம் அறுக்கிறவர் எந்தப் பட்டியலில்?

தோப்புக்காரராவது ஏதாவதொரு பட்டியலில் இருக்கிறார். மரம் வெட்டிப் பிழைக்கிறவர்?

இந்த அடிவாரத்தில் மரவேலை ஒரு பெரிய சங்கிலி. காய்ப்பு நின்ற தென்னை, பட்டுப்போன மா, வயதான வேம்பு இவற்றை மொத்த விலை பேசி வாங்குகிற மர வியாபாரி. மிஷின் வாள் வைத்து அறுக்கிறவர். கயிறு கட்டி மரத்தைச் சரியான பக்கம் சாய்க்கிறவர். தோள்கொடுத்து லாரியில் ஏற்றுகிற நாலைந்து பேர். லாரிக்காரர். கடைசியில் செங்கோட்டை வரைக்கும் ஆங்காங்கே இருக்கிற மர மில்கள், செங்கல் சூளைகள்.

மழை வலுத்தால் இந்தச் சங்கிலி மொத்தமும் நின்றுபோகும். களத்துப்பாதையில் லாரி இறங்காது. சூளை எரியாது, அதனால் விறகு போகாது. ஊரெல்லாம் மரம் விழுந்து கிடக்கும்போது மரவெட்டிக்கு வேலை கொட்டும் என்று வெளியிலிருப்பவர்கள் நினைக்கிறார்கள். முதல் ஒரு வாரம் உண்மைதான்: ரோட்டில் விழுந்த மரம், கரண்டுக் கம்பி மேல் சாய்ந்த மரம். ஈர மரம், வழுக்குகிற தரை, எந்தப் பக்கம் திமிறும் என்று தெரியாமல் முறுகிக் கிடக்கிற கிளை என உயிரைப் பணயம் வைக்கிற வேலை அது. அதற்குப் பிறகு மர விலை விழுந்துவிடும். விற்கிறவர் நூறு பேர், வாங்குகிறவர் இரண்டு பேர் என்றால் என்ன விலை கிடைக்கும்? முன்பணம் கொடுத்து நிற்கிற மரத்தை வாங்கிப்போட்ட சின்ன வியாபாரி அதோடு முடிந்தார்.

தேக்கு வைத்தவர் பாடு வேறு. பட்டா நிலத்தில் சொந்தமாக வளர்த்த தேக்கானாலும் 1968-ஆம் ஆண்டின் தமிழ்நாடு மரப் போக்குவரத்து விதிகளின்படி வனத்துறை பாஸ் இல்லாமல் வண்டியில் ஏற்ற முடியாது. வனக்கொள்ளையைத் தடுக்க அந்த விதி தேவை. மலையடிவாரத்தில் ரொம்பவே தேவை. ஆனால் புயலில் விழுந்த மரத்துக்கும் நின்று வெட்டுகிற மரத்துக்கும் ஒரே நடை, ஒரே வரிசை. வைரம் பாய்ந்த கட்டை காத்திருக்கும். இளந்தேக்கின் வெள்ளைக்கட்டை மழையில் கிடந்தால் பூச்சி விழுந்துவிடும்.

பேரிடர் விதிகளில் மீனவரின் படகுக்கும் வலைக்கும் உதவி என்று ஒரு வரி எழுதியிருக்கிறது. நெசவாளரின், கைவினைஞரின் கருவிக்கு வரி உண்டு. மரம் அறுக்கிறவரின் வாளுக்கோ, வெள்ளத்தில் போன அவருடைய கட்டைக்கோ ஒரு வரி கிடையாது. அந்தத் தொழிலின் பெயரே அங்கே இல்லை.

அமெரிக்காவை எடுத்துக்கொள்ளுங்கள். கொரோனாவில் மரத்தொழில் முடங்கியபோது, மரம் வெட்டுகிறவர்களுக்கும் மரம் ஏற்றுகிற லாரிக்காரர்களுக்கும் என்றே 2021-ல் அந்நாட்டு வேளாண்துறை 20 கோடி டாலர் வரை ஒதுக்கியது. 2020 வருமானம் முந்தைய ஆண்டைவிட 10 சதவீதமாவது குறைந்திருந்தால் விண்ணப்பிக்கலாம். பணக்கார நாடு, கொடுக்க முடியும் என்று சொல்லிவிடலாம். ஆனால் நான் பார்ப்பது டாலரை இல்லை. வெட்டுகிறவர் ஒரு தொழில்காரர், அவருக்கும் வருமானம் என்று ஒன்று உண்டு, அது பேரிடரில் போகும் என்று அரசாங்கத் தாளில் எழுதப்பட்டதைத்தான்.

அது நம்மால் முடியாததில்லை. 2023 டிசம்பர் வெள்ளத்தில் தூத்துக்குடி உப்பளங்கள் கரைந்தபோது, உப்பளத் தொழிலாளர்களுக்கு 3,000 ரூபாய் என்று தனியே அறிவித்தது இதே தமிழக அரசு. எப்படிச் சட்டென்று முடிந்தது? அதற்கு முன்பே, உப்பு விளையாத மழை மாதங்களுக்கு ஆண்டுதோறும் 5,000 ரூபாய் கொடுக்கும் திட்டம் ஓடிக்கொண்டிருந்தது. அதனால் ஆளின் பெயரும் வங்கிக் கணக்கும் அரசின் கையில் இருந்தன. மரவெட்டிகள், சுமைக்காரர்கள் பலர் அமைப்புசாரா நலவாரியத்தில் 'உடலுழைப்புத் தொழிலாளி' என்ற பெரிய குடைக்குள் கரைந்து கிடக்கிறார்கள். பதிவே செய்யாதவர்கள் அதைவிட அதிகம். பெயர் தனியே பிரியாதவரை அடுத்த மழைக்கும் அவர் பட்டியலுக்கு வெளியேதான்.

அடங்கலில் யார் பெயர்?

நிவாரணத்துக்குப் போகிறவரிடம் கேட்கப்படுவது பட்டா, அடங்கல், ஆதார், வங்கிப் புத்தகம். இந்த நான்கும் ஒரே பெயரில் இருக்கிற குடும்பங்கள் எத்தனை? தாத்தா பெயரில் பட்டா, அவர் செத்து இருபது வருஷம், பிள்ளைகள் ஐந்து பேர் வாய்வழியாகப் பாகம் பிரித்துக்கொண்டு உழுகிறார்கள். கூட்டுப் பட்டா என்றால் மற்ற நால்வரின் சம்மதக் கையெழுத்து வேண்டும். அதில் ஒருவர் திருப்பூரில், ஒருவர் மும்பையில், ஒருவரோடு பேச்சுவார்த்தையே இல்லை. பணம் வங்கிக்கு வரும் முன்னே குடும்பத்துக்குள் சண்டை வருகிறது.

அதைவிட மோசம் குத்தகைக்காரர் நிலை. பேரிடர் விதி உதவச் சொல்வது பயிர் செய்கிறவருக்கு. நடைமுறையில் பணம் போவது பெரும்பாலும் பட்டாக்காரருக்கு. குத்தகை உரிமைகளைப் பதிவு செய்ய 1969-லேயே தமிழ்நாட்டில் சட்டம் வந்துவிட்டது. ஆனால் எழுதிக் கொடுத்தால் நிலம் கையைவிட்டுப் போய்விடும் என்ற பயத்தில் நிலக்காரர் எழுதுவதில்லை. கேட்டால் அடுத்த வருஷம் நிலம் கிடைக்காது என்று குத்தகைக்காரர் கேட்பதில்லை.

தோப்புப் பக்கம் இன்னொரு வகை உண்டு: காய்க்குத்தகை. மாவோ எலுமிச்சையோ, பூ பிடித்ததுமே ஒருவர் வந்து மொத்தக் காய்ப்புக்கும் விலை பேசிப் பணத்தைக் கட்டிவிடுவார். அதற்குப் பிறகு காவலும் பறிப்பும் அவர் பொறுப்பு. சித்திரையில் ஒரு சூறைக்காற்று அடித்தால் போதும். மரம் நிற்கும், காய் அத்தனையும் தரையில் கிடக்கும். கணக்கெடுக்க வருகிறவர் கண்ணுக்கு மரத்துக்குச் சேதமில்லை. நிலக்காரருக்கோ பணம் முன்கூட்டியே வந்துவிட்டது. வட்டிக்கு வாங்கிக் கட்டிய அந்தக் குத்தகைக்காரர் கீழே விழுந்த பிஞ்சுகளைச் சாக்கில் அள்ளி ஊறுகாய்க்குக் கேட்ட விலைக்குப் போடுவார். புவிசார் குறியீடு பெற்ற புளியங்குடி எலுமிச்சையின் கதையில் இவரும் ஒரு ஆள். எந்த விதியிலும் இவருக்குப் பெயர் கிடையாது.

ஒரே மலை, இரண்டு பக்கம்

அடிவாரத்துக்காரருக்கு மழை மட்டும் பேரிடர் இல்லை. யானை இறங்கினால் தென்னையைச் சாய்த்துக் குருத்தை உரித்துத் தின்னும். வாழை ஒரு ராத்திரிக்குக் காணாது. பன்றி வந்தால் கிழங்கு, கடலை, நெல் எதுவும் மிஞ்சாது. வாசுதேவநல்லூர், சிவகிரிப் பக்கம் தகர டின்னைத் தட்டிக்கொண்டு தோப்பில் விழித்திருப்பது வருஷம் முழுக்க ஓடுகிற வேலை.

மலைக்கு அந்தப் பக்கம் கேரளம் 2024 மார்ச்சில் மனித–விலங்கு மோதலை மாநிலப் பேரிடராக அறிவித்தது. மத்தியப் பட்டியலிலுள்ள புயல், வெள்ளம், வறட்சி முதலான 12 பேரிடர்களுக்கு மேல், மாநிலங்கள் தாங்களே சிலவற்றைச் சேர்த்துக்கொண்டு நிவாரண நிதியில் 10 சதவீதம் வரை செலவிடலாம் என்று விதியே இடம் தருகிறது. தமிழ்நாடும் அந்த வழியில்தான் 2024 அக்டோபரில் வெப்ப அலையைச் சேர்த்தது. விலங்குச் சேதம் இங்கே வனத்துறையின் தனிக் கணக்கு; பயிருக்கு ஏக்கருக்கு அதிகபட்சம் 25,000 ரூபாய். அந்தப் படிவம், அந்த ஆய்வு, அந்த அலுவலகம் எல்லாமே வேறு. ஒரே தோப்பில் முதல் வாரம் யானை, அடுத்த வாரம் வெள்ளம் என்றால், எந்த மரம் எதனால் போனது என்று இரண்டு துறைக்கும் தனித்தனியே நிரூபிக்க வேண்டியவர் விவசாயிதான்.

காட்டுப்பன்றிக்கு 2025 ஜனவரியில் ஒரு முடிவு சட்டமன்றத்தில் சொல்லப்பட்டது. காப்புக்காட்டு எல்லையிலிருந்து 3 கிலோமீட்டருக்கு அப்பால் வந்தால் வனத்துறையினர் சுடலாம். 1 முதல் 3 கிலோமீட்டருக்குள் என்றால் பிடித்துக் காட்டில் விடலாம். ஒரு கிலோமீட்டருக்குள் என்றால் எதுவும் செய்வதற்கில்லை. காட்டைக் காப்பாற்ற வேண்டும், அதில் எனக்கு மாற்றுக் கருத்தில்லை. மலையை ஒட்டியே நிலம் வைத்திருப்பவருக்குத்தான் சேதம் அதிகம், அவருக்குத்தான் வழி குறைவு என்பதையும் சேர்த்துச் சொல்லியாக வேண்டும்.

ஒரு நல்ல செய்தியும் உண்டு. பிரதமரின் பயிர்க்காப்பீட்டுத் திட்டத்தில் வனவிலங்குச் சேதத்தையும், 2018-ல் நீக்கப்பட்ட நெல்வயல் நீர்மூழ்கலையும் 2026 காரிஃப் பருவம் முதல் சேர்ப்பதாக மத்திய வேளாண் அமைச்சகம் 2025 நவம்பரில் அறிவித்திருக்கிறது. சேதம் நடந்த 72 மணி நேரத்துக்குள், இடம் பதிவான போட்டோவோடு செல்போன் செயலியில் தெரிவிக்க வேண்டும். இந்த 72 மணி நேரம் என்பது மாமா கயிறு கட்டி மரம் நிமிர்த்திய அதே மூன்று நாள். காப்பீட்டுக்கு விவசாயியின் போட்டோ செல்லும் என்றால், நிவாரணத்துக்கு ஏன் செல்லக்கூடாது? விழுந்த அன்றே விவசாயி எடுத்து அனுப்புகிற, நேரமும் இடமும் பதிந்த படத்தைச் சேதத்துக்குச் சான்றாக ஏற்கிறோம் என்று வருவாய்த்துறை ஒரே ஒரு ஆணை போட்டால், நிமிர்த்தவா விடவா என்று எந்தத் தோப்புக்காரரும் திகைத்து நிற்க வேண்டியதில்லை.

---
கேட்டதும் வந்ததும்
கஜா, 2018: தமிழகம் கேட்டது சுமார் ரூ.15,000 கோடி. தேசிய பேரிடர் நிவாரண நிதியிலிருந்து ஒப்புதல் ஆனது ரூ.1,146 கோடி.

மிக்ஜாம் புயலும் தென்மாவட்ட வெள்ளமும், 2023 டிசம்பர்: கேட்டது ஏறத்தாழ ரூ.37,900 கோடி. 2024 ஏப்ரலில் விடுவிக்கப்பட்டது சுமார் ரூ.276 கோடி.

அந்த வெள்ளத்தின்போது காயல்பட்டினத்தில் ஒரே நாளில் பெய்தது 95 செ.மீ. மழை. திருநெல்வேலி, தூத்துக்குடி மாவட்டங்களில் கடுமையாகப் பாதித்த வட்டங்களுக்குக் குடும்பத்துக்கு ரூ.6,000, தென்காசி, கன்னியாகுமரி மாவட்டங்களுக்கு ரூ.1,000.
---

பெட்டியிலுள்ள கடைசி வரி இந்த ஊர்க்காரர்கள் மனதில் இன்னும் ஆறவில்லை. தாமிரபரணிக் கரையில் வெள்ளம் வீட்டுக்குள் புகுந்தது; அங்கே ஆறாயிரம் கொடுத்ததைக் குறைசொல்ல முடியாது. ஆனால் குடும்ப அட்டைக்கு இவ்வளவு என்று வட்டக் கணக்கில் கொடுக்கும்போது, பெரிதாகப் பாதிக்காத வட்டம் என்று எழுதப்பட்ட இடத்துக்குள் முழுசாக அழிந்த ஒரு தோப்பு யார் கண்ணிலும் படாமல் போய்விடுகிறது. சென்னையிலும் டெல்லியிலும் கோடியில் பேசுகிறார்கள். இங்கே ஒருவரின் நஷ்டம் 46 மரம்.

மாமாவுக்கு அந்த வருஷம் ஒரு ரூபாய் வரவில்லை. நிமிர்த்திய 31 மரத்தில் 22 பிழைத்தன. சாய்ந்த வடு தூரில் இன்றைக்கும் தெரிகிறது. மரம் லேசாகக் கிழக்கே வளைந்துதான் நிற்கிறது, ஆனால் புளியங்குடி கமிஷன் கடைக்குச் சாக்கு போகிறது. போன மழைக்கு முன்னால் பேத்தியிடம் செல்போனைக் கொடுத்து, படத்தில் தேதியும் இடமும் விழுவதற்கு என்ன செய்ய வேண்டும் என்று கேட்டுப் படித்துக்கொண்டார். கயிறும் கவட்டைக் கம்பும் மோட்டார் ரூமில் தயாராகச் சாத்தி வைத்திருக்கிறார். பக்கத்து ஆணியில், மஞ்சள் பையில் சுற்றி, ஒரு சார்ஜர்.